முதல் அரை மாரத்தான்: மெல்லத் தயாராகும் உறுப்புக்கே முதலிடம்

எங்கள் இதயநோய்ப் பிரிவில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. அதைக் கேட்பவர் பெரும்பாலும் நோயாளியுடன் துணைக்கு வந்தவர். தந்தைக்கு ஆஞ்சியோபிளாஸ்டி நல்லபடியாக முடிந்து வீடு திரும்பும் நாள் நெருங்கும்போது, நாற்பது வயதை ஒட்டிய மகனோ மகளோ தயக்கத்துடன் கேட்பார்: "டாக்டர், வர்ற ஜனவரியில அரை மாரத்தான் ஓடலாம்னு பேர் கொடுத்திருக்கேன். இதுவரைக்கும் ஓடினதே இல்ல. ஓடலாமா?"

இக்கேள்விக்குள் ஆர்வத்தோடு அச்சமும் கலந்திருக்கிறது. தந்தைக்கு வந்தது தமக்கும் வந்துவிடுமோ என்னும் அச்சம் அது. அந்த அச்சம் ஒருவரை நாற்காலியிலிருந்து எழுப்பி நடக்கவைக்குமானால் நாங்கள் மகிழ்ச்சியே அடைகிறோம். எங்கள் விடையும் பெரும்பாலும் "ஓடலாம்" என்பதே. ஆனால் அவ்விடையோடு ஒன்றைச் சேர்த்தே சொல்கிறோம்: உடலின் உறுப்புகள் அனைத்தும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை, மிக மெதுவாகப் பழகும் உறுப்பு எதுவோ, அதற்கேற்பவே பயிற்சி அமைய வேண்டும்.

இத்தொலைவு உடலிடம் கேட்பது

அரை மாரத்தான் என்பது 21.0975 கிலோமீட்டர். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பட்டு, 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்ட 42.195 கிலோமீட்டர் மாரத்தானில் இது சரிபாதி. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்னும் நிதானமான வேகத்தில் ஓடினாலும் முடிக்க ஏறத்தாழ 2 மணி 50 நிமிடம் ஆகும். அதற்குள் கால்கள் சுமார் 25,000 முறை தரையில் ஊன்றும். ஒவ்வோர் ஊன்றலிலும் உடல் எடையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட விசை கால் எலும்புகளின்மீது இறங்கும். இதயமும் அவ்வளவு நேரமும் ஓய்வின்றி விரைந்து துடிக்கும்.

தந்தையின் நோய் உணர்த்துவது

ஓட்டம் இதயத்தை வலுப்படுத்துகிறது; இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுப்படுத்த உதவுகிறது. ஆயினும் பரம்பரையாக வந்த ஆபத்தை அது முற்றிலும் அழித்துவிடாது.

அமெரிக்க எழுத்தாளர் ஜிம் ஃபிக்ஸின் வாழ்க்கை இதற்குச் சான்று. அவருடைய தந்தை 43ஆம் வயதில் மாரடைப்பால் இறந்தார். ஃபிக்ஸ் தமது 35ஆம் வயதில் ஓடத் தொடங்கினார், புகைப்பழக்கத்தை விட்டார், உடல் எடையைக் குறைத்தார். 1977இல் அவர் எழுதிய ஓட்டப் பயிற்சி நூல் பல இலட்சம் பேரைச் சாலைக்கு அழைத்துவந்தது. 1984 ஜூலையில், 52ஆம் வயதில், ஓட்டத்தின்போதே மாரடைப்பால் உயிர் நீத்தார். பிணக்கூறாய்வில் அவருடைய இதய இரத்தக்குழாய்களில் கடுமையான அடைப்புகள் காணப்பட்டன.

இதைப் படித்து ஓடவே அஞ்ச வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தான், அரை மாரத்தான் ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரை ஆராய்ந்தபோது, 59 பேருக்கே போட்டியின்போது இதயத்துடிப்பு நின்றிருந்தது. அரை மாரத்தானில் அந்த ஆபத்து ஓர் இலட்சத்துக்கு 0.27 மட்டுமே, அதாவது ஏறத்தாழ 3.7 இலட்சம் பேரில் ஒருவர். அந்த ஒருவராகும் வாய்ப்பு யாருக்கு மிகுதி என்பதை முன்கூட்டியே அறிய முயல்வதே அறிவுடைமை.

ஆகவே, தந்தைக்கோ சகோதரருக்கோ 55 வயதுக்கு முன்பும், தாய்க்கோ சகோதரிக்கோ 65 வயதுக்கு முன்பும் இதயநோய் வந்திருந்தால், பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைக் காணுங்கள். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இது பொருந்தும். குடும்பத்தில் எவரேனும் இளவயதில் காரணம் தெரியாமல் திடீரென இறந்திருந்தால் அதை மறவாமல் கூறுங்கள். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் ஆகியவற்றுள் எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சோதனை நன்றாக அமைந்தாலும் அது ஆயுட்கால உறுதிச்சீட்டு ஆகாது. ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் அங்கேயே நின்றுவிட வேண்டும். அன்றே மருத்துவமனைக்கு வரவும் வேண்டும்.

மூச்சு முந்தும், எலும்பு பிந்தும்

தொடக்கத்தில் 200 மீட்டர் ஓடினாலே மூச்சு வாங்கும். ஆனால் இரண்டு மூன்று வாரங்களில் உடலில் இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகும். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றும். ஆறு முதல் எட்டு வாரங்களில் தசைகளும் ஆக்சிஜனைத் திறம்படப் பயன்படுத்தப் பழகிவிடும். அப்போது ஓடுபவருக்கு இறக்கை முளைத்ததுபோல் தோன்றும்.

தசைநாண்களும் எலும்புகளும் அவ்வளவு விரைவில் வலுப்பெறுவதில்லை. புதிய சுமை ஏறும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதிகளைக் கரைத்து, அதன்பின்னரே புதிதாகக் கட்டுகிறது. அச்சுழற்சி முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். கரைப்பு முடிந்து கட்டுமானம் நிறைவடையாத இடைவெளியில் எலும்பு சற்றே வலுக்குன்றியிருக்கும். மூச்சு சீரடைந்த மகிழ்ச்சியில் தூரத்தைத் திடீரெனக் கூட்டுவோர் பலர், சரியாக அவ்வேளையில்தான் காயமடைகின்றனர். முழங்காலுக்குக் கீழே எலும்பின் ஒரே புள்ளியில், விரலால் தொட்டுக் காட்டுமளவுக்கு வலி இருந்து, ஓட ஓட அது மிகுந்தால், நுண்ணிய எலும்பு முறிவு ஏற்பட்டிருக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு ஓடினால், சில வாரங்களில் ஆற வேண்டிய காயம் பல மாதங்களுக்கு நீளும்.

இருபது வாரக் கணக்கு

பதறாத காரியம் சிதறாது என்பர். சென்னை மாரத்தான் ஜனவரித் தொடக்கத்தில் நடைபெறுவது. அதற்குத் தயாராக விரும்பும் புதியவர் ஆகஸ்ட் நடுவிலேயே தொடங்கினால் 20 வாரங்கள் கிடைக்கும். 30 நிமிடம் விரைந்து நடக்க இயல்பவருக்கே இக்கணக்கு. இயலாதவர், முதலில் ஒரு மாதம் நடையை மட்டும் பழகட்டும்.

முதல் 6 வாரங்கள்: வாரம் மூன்று நாள், 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என மாறி மாறி 30 நிமிடம். ஓடும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். அருகில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் அது மிகை.

7 முதல் 18ஆம் வாரம் வரை: இரண்டு குறும் ஓட்டங்களோடு வாரம் ஒருமுறை நீண்ட ஓட்டம். 6 கிலோமீட்டரில் தொடங்கி, வாரத்துக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிலோமீட்டர் கூட்டி, 17 அல்லது 18 கிலோமீட்டரில் நிறுத்தலாம். ஒவ்வொரு நான்காம் வாரமும் தூரத்தைக் குறைப்பது கட்டாயம். எலும்பு கட்டுமானப் பணி செய்வது அந்த ஓய்வில்தான். வாரம் இருநாள், குதிகாலை உயர்த்தி இறக்குதல், நாற்காலியில் அமர்ந்து எழுதல் போன்ற தசைப் பயிற்சிகள் நன்று. வடகிழக்குப் பருவமழையில் சில நாள்கள் தவறினால், அவற்றை ஈடுகட்ட அடுத்த வாரம் இருமடங்கு ஓட வேண்டாம்.

இறுதி 2 வாரங்கள்: தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். முழு 21 கிலோமீட்டரையும் முன்னரே ஓடிப் பார்க்கத் தேவையில்லை.

காய்ச்சல் இருக்கும்போது ஓடவே கூடாது. டெங்கு முதலிய வைரஸ் காய்ச்சல்கள் சிலருக்கு இதயத்தசையில் அழற்சியை உண்டாக்கக்கூடும். அந்நிலையில் ஓடுவது ஆபத்தானது. உடல் முழுவதும் தேறிய பின்னர் நடையிலிருந்தே மீண்டும் தொடங்குங்கள்.

மருந்து உட்கொள்வோர் கவனத்துக்கு

இன்சுலின், கிளிமிபிரைடு ஆகியவற்றை எடுப்போருக்கு ஓடும்போது மட்டுமின்றி அன்றிரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். ஓடுமுன் அளவு 90க்குக் கீழே இருந்தால், ஒரு வாழைப்பழமேனும் உண்ட பின்னரே புறப்படுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை உடலின் நீரை மிகுதியாக வெளியேற்றுவதால், அவற்றை எடுப்போர் நீண்ட ஓட்டங்களுக்கு முன் மருத்துவரிடம் கலந்துகொள்வது அவசியம். மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகள் நாடித்துடிப்பை உயரவிடாமல் தடுக்கும். எனவே கைக்கடிகாரம் காட்டும் துடிப்பை நம்பி வேகத்தை முடிவு செய்யலாகாது. எம்மருந்தையும் தாமாக நிறுத்த வேண்டாம். பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் ஓடிய பின் ஒவ்வொரு முறையும் கொப்புளம் உண்டா எனக் கண்ணால் பார்த்தறிய வேண்டும்.

வலி வரும்முன் தடுக்கலாம் என்றெண்ணி ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் மாத்திரைகளை விழுங்கிவிட்டு ஓடுவோரும் உளர். நீர்ச்சத்துக் குறைந்த உடலில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும். இப்பழக்கம் அறவே கூடாது.

நீர் அருந்துவதிலும் அளவு உண்டு. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது அளவுமீறி நீர் அருந்தி, உடல் எடை கூடியவர்களே அவர்களுள் மிகுதி. தாகத்துக்கேற்ப அருந்துங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை மிகுதியாதலால், நீண்ட ஓட்டங்களில் ஓ.ஆர்.எஸ். கரைசலும் உதவும்.

குடும்பத்தார்க்கு

ஓடுபவர் ஒருவரே ஆயினும், ஆயத்தம் வீட்டார் அனைவருக்கும் உரியது. முடிவுக்கோட்டருகே காத்திருப்பவர் சிலவற்றை அறிந்திருப்பது நலம். ஓடி வந்தவர் தொடர்பில்லாமல் பேசினாலோ தள்ளாடினாலோ அதை வெறும் களைப்பு எனக் கருதாதீர்கள். அது வெப்பத்தாக்கமாகவோ சர்க்கரைத் தாழ்வாகவோ சோடியக் குறைவாகவோ இருக்கலாம். உடனே மருத்துவக் குழுவை அழையுங்கள். உடல் கொதித்தால், அவர்கள் வரும்வரை தண்ணீர் ஊற்றியும் விசிறியும் குளிர்வியுங்கள். நினைவு தெளிவில்லாதவருக்கு வாய்வழியே எதையும் புகட்ட வேண்டாம்.

விழுந்தவர் அசைவின்றி, இயல்பான மூச்சின்றிக் கிடந்தால் 108ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மார்பின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்துங்கள். சி.பி.ஆர். எனப்படும் இம்முதலுதவியின் ஆற்றலுக்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை ஓடிய 2.9 கோடிப் பேரை ஆராய்ந்தபோது, இதயத்துடிப்பு நின்றோர் விகிதம் முந்தைய ஆய்வில் கண்ட அளவிலேயே இருந்தது. இறந்தோர் விகிதமோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. அருகிலிருந்தோர் மார்பை அழுத்தியதும், மின்னதிர்வுக் கருவி விரைந்து கிடைத்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர். இதயநோயாளி இருக்கும் வீட்டில், ஓட்டம் இல்லாத நாளிலும் இப்பயிற்சி உயிர் காக்கும்.

போட்டி நாள் விடிகாலையில் காய்ச்சலோ, புதிய மார்பு வலியோ, கால் எலும்பில் கூர்வலியோ இருந்தால், எண் பொறித்த சட்டையை மடித்து வைத்துவிடுங்கள். மாரத்தான் அடுத்த ஆண்டும் வரும். தந்தையின் படுக்கையருகே நின்று ஓட முடிவெடுத்தவர்கள் விரும்பியது நீண்ட ஆயுள். ஒரு பதக்கத்துக்காக அதைப் பணயம் வைக்கலாகாது. ஓடி முடித்தாலும் முடிக்காவிட்டாலும், 20 வாரங்கள் கைவிடாமல் பழகிய அந்த நடையையும் ஓட்டத்தையும் 21ஆம் வாரத்திலும் தொடருங்கள் என்பதே எங்கள் பரிந்துரை.