தாயக்கட்டையும் டிரெட்மோர் பாதாளமும்

மணவாள நகர்ச் சுட்டிகளே!

உங்களில் ஒருவர் அருமையான கேள்வி ஒன்று கேட்டிருக்கிறார். “கம்ப்யூட்டரில் ஒரு பாதாள விளையாட்டு விளையாடினேன் மாமா. ஒவ்வொரு முறை புதிதாகத் தொடங்கும்போதும் அறைகள் எல்லாம் மாறிவிடுகின்றன. யார் மாற்றுகிறார்கள்?”

சபாஷ்! விளையாடத் தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர். விளையாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கிற பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அந்தக் கொஞ்சம் பேரில் நீங்களும் இருப்பது எனக்குச் சந்தோஷம்.

பதில் சொல்லக் கம்ப்யூட்டர் வேண்டாம். பாட்டி பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் பித்தளைத் தாயக்கட்டை போதும். ஓடிப்போய் எடுத்து வாருங்கள்.

வந்துவிட்டீர்களா? ஒரு கட்டையை விரலில் உருட்டிப் பாருங்கள். நீளமான நான்கு பக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்தில் 1 புள்ளி. அடுத்ததில் 2. இன்னொன்றில் 3. மிச்சம் இருக்கும் ஒரு பக்கம் மொட்டை. இரண்டாவது கட்டையும் அதே மாதிரிதான்.

இப்போது கணக்கு. முதல் கட்டை 4 விதமாக விழலாம். இரண்டாவதும் 4 விதமாக விழலாம். இரண்டும் சேர்ந்து 4 × 4, அதாவது 16 விதம். சரிதானே?

அந்தப் பதினாறையும் பிரித்துப் பார்ப்போம். தாயம் என்றால் மொத்தம் 1. ஒன்று மொட்டையாகவும் மற்றது 1 ஆகவும் விழ வேண்டும். எந்தக் கட்டை மொட்டை என்பதில் 2 வழி இருக்கிறது. ஆகவே தாயத்துக்கு 2 வழி. இதே போல இரண்டுக்கு 3 வழி, மூன்றுக்கு 4 வழி, நான்குக்கு 3 வழி, ஐந்துக்கு 2 வழி, ஆறுக்கு 1 வழி. இரண்டுமே மொட்டையாக விழுந்தால் அது பன்னிரண்டு. அதற்கும் 1 வழிதான். கூட்டிப் பாருங்கள், 16 வருகிறதா?

பெரும்பாலான வீடுகளில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். பதினாறில் இரண்டு வழி என்றால் எட்டில் ஒரு பங்கு. “எனக்கு மட்டும் தாயமே விழ மாட்டேங்குது” என்று அக்கா மூக்கைச் சிந்துகிறாளே, பாவம், அவள் கையில் குற்றம் இல்லை. கணக்கே அப்படித்தான்.

பகடை உருட்டுவது நமக்குப் புதிதும் அல்ல. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் தோண்டியபோது பகடைகளும் ஆட்டக்காய்களும் கிடைத்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னால் அங்கேயும் யாரோ ஒரு பிள்ளை அழுகுணி ஆட்டம் ஆடியிருக்கும்!

இனி மூன்று விளையாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்.

முதலாவது பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிக்கப் பெரியவர்கள் ஆடுவார்கள். திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் நம் பக்கத்திலேயே இருப்பதால் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் நீங்கள் யோசிக்க ஒன்றுமே இல்லை. விழுந்த எண்ணுக்கு நகர வேண்டும். பாம்பு இருந்தால் இறங்க வேண்டும், ஏணி இருந்தால் ஏற வேண்டும். முழுக்க முழுக்க அதிர்ஷ்டம்.

இரண்டாவது ஆடுபுலி ஆட்டம். அதில் பகடையே கிடையாது. புலியை அடைப்பதும் ஆட்டைப் பறிகொடுப்பதும் உங்கள் மூளையைப் பொறுத்தது. முழுக்க முழுக்க யோசனை.

மூன்றாவது தாயம். எண் கட்டையில் விழுகிறது. ஆனால் எந்தக் காயை நகர்த்துவது என்பது உங்கள் முடிவு. எதிராளியை வெட்டலாமா? குறுக்குக்கோடு போட்ட கட்டத்தில் பத்திரமாக உட்காரலாமா? பாதி அதிர்ஷ்டம், பாதி யோசனை.

புரிகிறதா? எந்த விளையாட்டைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பாதாள விளையாட்டு தாயத்துக்குப் பக்கத்து வீடு.

அதன் தாத்தாவின் பெயர் ‘ரோக்’. 1980-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்ற இரண்டு மாணவர்கள் உருவாக்கினார்கள். அதில் படமே கிடையாது. வெறும் எழுத்துகள்தான். உங்கள் வீரன் ‘@’ என்ற குறி. அரக்கர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதாளம் புதிதாக அமையும். வீரன் செத்தால் ஆட்டம் முதலிலிருந்து. அதே பாணியில் பின்னால் வந்தவற்றுக்கு ‘ரோக்லைக்’ என்று பெயர்.

அந்தக் குடும்பத்தின் குறும்புக்காரப் பேரன்தான் ‘டன்ஜன்ஸ் ஆஃப் டிரெட்மோர்’. கனடாவின் கேஸ்லாம்ப் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2011 ஜூலையில் வெளியிட்டது. புதர் போன்ற புருவம் வைத்த நாயகன் பாதாளத்தில் இறங்குகிறான். பத்துத் தளம் இறங்கினால் டிரெட்மோர் பிரபு என்ற வில்லன் காத்திருக்கிறான். வழியில் நீள மூக்கு ‘டிகிள்’கள் கூட்டமாக வந்து மறிக்கும்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அறைகளை யார் மாற்றுகிறார்கள்?

கம்ப்யூட்டருக்குக் கை இல்லை. பித்தளைக் கட்டை உருட்ட முடியாது. அது கணக்குத்தான் போடும். அந்தக் கணக்கில் எளிய வகை ஒன்றை டெரிக் லேமர் என்ற கணித அறிஞர் 1949-ல் சொன்னார். அதே பாணியில் ஒரு கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம்.

ஒரு எண்ணை எடுங்கள். 5-ஆல் பெருக்குங்கள். 3-ஐக் கூட்டுங்கள். 16-ஆல் வகுத்து மீதியை மட்டும் எழுதுங்கள். அந்த மீதியை வைத்து மறுபடியும் அதே வேலை.

7-இல் தொடங்குவோம். 7 × 5 = 35. மூன்றைக் கூட்டினால் 38. பதினாறால் வகுத்தால் மீதி 6. அடுத்து 6 × 5 = 30, மூன்றைக் கூட்டினால் 33, மீதி 1. இப்படியே போனால் 7, 6, 1, 8, 11, 10, 5, 12 என்று குதித்துக் குதித்து வரும். யாரோ கட்டை உருட்டியது போலவே இருக்கிறது, இல்லையா?

இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு அறை கொடுங்கள். 0 முதல் 3 வரை வந்தால் சுவர். 4 முதல் 11 வரை காலி அறை. 12, 13 வந்தால் டிகிள். 14 வந்தால் புதையல். 15 வந்தால் அடுத்த தளத்துக்குப் படிக்கட்டு. வேறு எண்ணில் தொடங்கினால் அறைகளின் வரிசை மாறும். தொடங்கும் எண்ணைப் பல விளையாட்டுகள் கம்ப்யூட்டரின் கடிகாரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். நீங்கள் அழுத்தும் நொடி மாறினால் பாதாளமும் மாறும்.

ஒரு சின்னப் புதிர். நம் கணக்கைப் பதினாறு முறை போட்டால் 0 முதல் 15 வரை எல்லா எண்ணும் ஒரே ஒரு முறை வரும். பிறகு மீண்டும் 7. பித்தளைக் கட்டை இப்படி ஒழுங்காக விழுமா? விழாது. ஒரே எண் மூன்று முறை அடுத்தடுத்து விழுந்து எரிச்சல் மூட்டும். அதுதான் உண்மையான அதிர்ஷ்டம். கம்ப்யூட்டருடையது கணக்குப் போட்டுச் செய்த அதிர்ஷ்டம். நிஜ விளையாட்டுகள் மிகப் பெரிய எண்களை வைத்துக் கணக்குப் போடுவதால் இந்த ஒழுங்கு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. புரியவில்லை என்றால் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் காத்திருக்கிறேன்.

வந்துவிட்டீர்களா? இனி டிரெட்மோரை எடைபோடலாம். நல்லதை முதலில் சொல்கிறேன்.

முதல் நல்லது, அது அவசரப்படுத்தாது. நீங்கள் ஓர் அடி வைத்தால் அரக்கனும் ஓர் அடி வைப்பான். நீங்கள் நின்றால் அவனும் நிற்பான். பரீட்சையில் நீங்கள் பேனாவைக் கீழே வைத்த பிறகுதான் பள்ளிக்கூட மணி அடிக்கும் என்றால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு சுகம்! நடுவில் அம்மா ரேஷன் கடைக்கு அனுப்பினாலும் கவலை இல்லை. திரும்பி வரும்வரை டிகிள் அதே இடத்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். கை வேகம் இல்லாத பிள்ளையும் யோசித்து ஜெயிக்கலாம்.

இரண்டாவது, தொடக்கத்தில் நீங்கள் 7 திறமைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் முப்பதுக்கும் மேல் இருக்கிறது. கொல்லன் வேலை உண்டு, காளான் வளர்ப்பு உண்டு, கணக்கால் மந்திரம் போடும் வித்தைகூட உண்டு. எனக்குப் பிடித்தது தொல்லியல். அபூர்வமான பழம்பொருள் கிடைத்தால் அதை மாட்டிக்கொண்டு சண்டை போடலாம். அல்லது மியூசியத்துக்கு அனுப்பி வைத்து அனுபவப் புள்ளி வாங்கலாம். கீழடியில் தோண்டியவர்கள் கேட்டால் எதைச் செய்யச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்!

மூன்றாவது, அது சிரிக்க வைக்கும். நார்வே நாட்டில் ‘லூட்டஃபிஸ்க்’ என்று ஓர் உணவு. உலர்ந்த மீனைக் காரக் கரைசலில் ஊறவைத்துச் செய்வார்கள். இந்தப் பாதாளத்தில் அதற்கு ஒரு சாமியே இருக்கிறது! வேண்டாத பொருளை ஒரு மாயப்பெட்டியில் போட்டால் லூட்டஃபிஸ்க் ஆகிவிடும். அதைச் சாமிக்குப் படைக்கலாம். நாயகன் செத்தால் “வாழ்த்துகள்!” என்று சொல்லிவிட்டுத்தான் செத்த சேதியையே சொல்லும். தோற்ற வலியில் பாதி சிரிப்பில் போய்விடும்.

இனி குறைகள். பிடித்த விளையாட்டின் குறையையும் பார்க்கத் தெரிந்தால்தான் அது சரியான ஆராய்ச்சி.

முதல் குறை, எண்கள் ஒளிந்து கிடக்கின்றன. தாயத்தில் கட்டையைப் பார்த்தால் எல்லாருக்கும் எண் தெரியும். இங்கே ஒரு டஜனுக்கும் மேல் அடி வகைகள். நெருப்பு, குளிர், மின்சாரம், அமிலம்... “நான் எதற்காக வாழ்கிறேன்?” என்று மனசை வருத்தும் அடிகூட ஒன்று உண்டு! எல்லாவற்றுக்கும் பொடிப்பொடிப் படங்கள். எது எதைத் தடுக்கும் என்று புரியவே பல ஆட்டம் ஆகிறது. யோசிக்க நேரம் கொடுத்துவிட்டு, யோசிக்க வேண்டிய தகவலை மறைத்தால் என்ன பயன், சொல்லுங்கள்.

இரண்டாவது, பை நிரம்பிவிடும். தளம் முழுக்கப் பொருள்கள் இறைந்து கிடக்கும். எதையும் விட மனசு வராது. சண்டை போட்ட நேரத்தைவிடப் பையைப் பிரித்து அடுக்கிய நேரம் அதிகமாகிவிடும்.

மூன்றாவதுதான் பெரிய குறை. தாயத்தில் ஒரு காயை வெட்டினால் மற்றக் காய்கள் இருக்கின்றன. வெட்டுப்பட்ட காயும் மறுபடி இறங்கலாம். இங்கே உங்களிடம் இருப்பது ஒரே காய். தளங்களோ மிகப் பெரியவை. பல மணி நேரம் பார்த்துப் பார்த்து நடந்த பிறகு, ஒரு கதவைத் திறந்தால் அரக்கர்கள் நெருக்கியடித்து நிற்கும் அறை. அவ்வளவுதான், முதலிலிருந்து! ஆட்டம் சின்னதாக இருந்தால் தோல்வியும் சின்னதாக இருக்கும். இதில் ஆட்டம் நீளம், அதனால் அடியும் பலம். இதைச் செய்தவர்களும் உணர்ந்திருக்க வேண்டும். செத்தால் முதலிலிருந்து என்ற விதியை நிறுத்திவைக்க ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். கடினத்துக்கும் மூன்று படிநிலைகள் உண்டு. புதியவர்கள் எளிய படியில் தொடங்குவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம். வேடிக்கை எல்லாம் ஆங்கில வரிகளில் இருக்கிறது. படித்தால்தான் சிரிப்பு வரும். நாயகன் மந்திர சக்திக்கு மதுபானம் குடிப்பதும் உண்டு. அதனால் வீட்டில் பெரியவர்கள் பார்த்துச் சரி என்ற பிறகு ஆடுங்கள். காக்களூருக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ ஷிப்ட் போய்த் திரும்பிய அப்பாவையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்த அடி எங்கே வைக்கலாம் என்று இரண்டு பேரும் பேசிப் பேசி ஆடலாம். அதுதான் காத்திருக்கும் விளையாட்டாயிற்றே!

ஆக, எந்த விளையாட்டையும் எடைபோட இரண்டு கேள்வி போதும். யோசிக்க எனக்கு நேரம் கொடுக்கிறதா? யோசிக்க வேண்டிய விஷயத்தை என் கண்ணில் காட்டுகிறதா? டிரெட்மோர் முதல் கேள்வியில் தாராளமாகப் பாஸ். இரண்டாவதில் தட்டுத்தடுமாறுகிறது. தாயம் இரண்டிலும் பாஸ்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை. தாயக்கட்டையை 160 முறை உருட்டி, விழுந்ததை நோட்டில் கோடு போட்டுக் குறியுங்கள். தாயம் ஏறக்குறைய 20 முறை விழ வேண்டும். 14 விழுந்தாலும் 25 விழுந்தாலும் ஏமாற்றி எழுதக் கூடாது! பிறகு கட்டம் போட்ட நோட்டில் 16 அறை வரைந்து, நம் பெருக்கல் கணக்கை வைத்து ஒரு பாதாளம் கட்டுங்கள். படிக்கட்டைச் சுற்றிச் சுவர் விழுந்து வழி அடைபட்டால் எந்த விதியை மாற்றலாம் என்று யோசியுங்கள். விளையாட்டு செய்கிறவர்கள் தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி அது. விடை கிடைத்தால் எனக்கு எழுதுங்கள்.