சூரனுக்குக் கால் எதற்கு?

கந்தசஷ்டியின் ஆறாம் நாள் பின்னேரம். நெல்லியடிச் சந்தியிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் உள்ள ஊர்க் கோயில் வீதியில் மரச் சூரன் ஆடிக்கொண்டிருந்தான். பீடத்தின் கொம்புகளைத் தோளில் காவிய இளந்தாரிகள் அவனை முன்னே பாயவிட்டார்கள், பின்னே இழுத்தார்கள், சரித்து நிமிர்த்தினார்கள். யானைத்தலை கழன்றது, சிங்கத்தலை ஏறியது. பக்கத்தில் நின்ற மருமகன் என் கையைச் சுரண்டினான். "மாமா, இது கண்டம் மாதிரியெல்லோ கிடக்கு!"

சாதகத்தில் வருகிற கண்டம் அல்ல. யப்பானில் 1979 ஏப்ரலில் தொலைக்காட்சிக்கு வந்த 'மொபைல் சூட் கண்டம்' என்ற அனிமே தொடரின் இயந்திர மனிதன். இயக்கியவர் யொஷியுகி தொமினோ. பூமியின் ஆட்சிக்கும், சந்திரனுக்கு அப்பால் மிதக்கும் குடியிருப்புகளுக்கும் போர். உடலுக்குள் ஒரு பொடியன் இருந்து ஓட்ட, 18 மீற்றர் உயர இயந்திரம் வாள் சுழற்றும்.

1987 மே மாதத்து வடமராட்சிப் போரைக் கண்ட என் வயதுக்காரருக்கு, வானத்தில் இயந்திரம் இரைந்தால் நிமிர்ந்து பார்க்க வராது, குனியத்தான் வரும். மருமகனுக்கு அது கைப்பேசிக்குள் நடக்கிற கதை. அப்படியே இருக்கட்டும். ஆனால் அவன் கேட்ட அடுத்த கேள்விக்குத்தான் எனக்கு இரண்டு நாள் பிடித்தது: "எங்கட சூரனையும் அவ்வளவு பெரிசாச் செய்யலாமோ?"

கணக்குப் பார்ப்போம். எங்கள் சூரன் பீடத்தோடு சேர்த்து ஏறக்குறைய 12 அடி. 18 மீற்றர் என்றால் கிட்டத்தட்ட 60 அடி, அதாவது ஐந்து மடங்கு. உயரம் ஐந்து மடங்காகும்போது அகலமும் தடிப்பும் ஐந்து ஐந்து மடங்காகும். மூன்றையும் பெருக்கினால் பாரம் 125 மடங்கு. காவுகிற கொம்போ ஐந்து மடங்குதான் நீளும், ஆகவே அதில் தோள் கொடுக்கக்கூடியவர்களும் ஐந்து மடங்குதான். ஒவ்வொரு தோளிலும் இன்று இறங்குகிற பாரத்தைப்போல 25 மடங்கு இறங்கும். எந்த இளந்தாரியும் நிற்கமாட்டான்.

தோளை விட்டுவிட்டுச் சூரனைத் தன் காலிலேயே நிற்க வைத்தாலும் தப்ப முடியாது. காலின் பலம் அதன் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு 25 மடங்கு, பாரம் 125 மடங்கு. கலிலியோ 1638 இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பெரிய விலங்கின் எலும்பைக் கொண்டு விளக்கியிருக்கிறார். உயிரியலாளர் ஜே.பி.எஸ். ஹோல்டேன் 1926 இல் உயிர்களின் அளவைப் பற்றி எழுதிய கட்டுரையில், சிறுவயதில் படப்புத்தகத்தில் பார்த்த அரக்கர்களை எடுத்துக்கொண்டார். அவர்களுடைய உயரமும் 60 அடி! மனிதனைப்போலப் பத்து மடங்கு. எடை ஆயிரம் மடங்கு கூடி 80, 90 தொன் ஆகும். எலும்பின் பரப்பு நூறு மடங்குதான் கூடும். மனிதத் தொடையெலும்பு உடல் எடையைப்போலப் பத்து மடங்கில் முறியும் என்பதால், அந்த அரக்கர்கள் எடுத்து வைக்கிற ஒவ்வோர் அடியிலும் தொடை முறிந்திருக்கும் என்றார். கும்பகர்ணனுக்கும் இதே கதிதான். ஹோல்டேன் 1957 இல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமையும் பெற்று, 1964 இல் புவனேசுவரத்தில் மறைந்தார். ஒரு சூரன் போரைப் பார்த்திருந்தால் ரசித்திருப்பார் என்று எனக்கொரு நினைப்பு.

யப்பானியர் சும்மா இருக்கவில்லை. 2020 டிசெம்பரில் யோக்கஹாமா துறைமுகத்தில் 18 மீற்றர் கண்டம் ஒன்றை அசைய வைத்தார்கள். கையை நீட்டியது, முழந்தாளை மடக்கியது. 2024 மார்ச் வரை சனம் போய்ப் பார்த்தது. ஆனால் பின்புறம் போய்ப் பார்த்தவர்களுக்கு விஷயம் விளங்கியிருக்கும்: இடுப்பை ஒரு பெரிய இரும்புத் தாங்கி பிடித்திருந்தது. அது நடந்தது உண்மை. தன் பாரத்தைத் தானே தாங்கி நடக்கவில்லை. சூரனைக் காவுகிற வேலையை அங்கே இரும்பு செய்தது.

விண்வெளிக்குப் போனால் பாரம் என்ற தொல்லை விட்டுவிடும். அங்கே கால் எதற்கு? கண்டம் கதையுலகில் இதற்குச் சொல்லப்படுகிற விடை எனக்குப் பிடிக்கும். மிதக்கும் உடம்பு ஒரு காலை ஒரு பக்கம் வீசினால், மிச்ச உடம்பு மறுபக்கம் திரும்பும். மதிலிலிருந்து தலைகீழாக விழுகிற பூனை காற்றில் திரும்பிக் காலூன்றுவதும் இந்த வகைதான். எரிபொருள் செலவில்லாமல் திசை மாற்றலாம். கற்பனை என்று தள்ள முடியாது. செய்மதிகள் காலுக்குப் பதிலாக உள்ளே சில்லுகளைச் சுழற்றி இதையே செய்கின்றன. செவ்வாய்க்குப் போன இந்தியாவின் மங்கள்யானும் அப்படித்தான் திரும்பியது.

அந்த மங்கள்யான் 2013 நவம்பர் 5 இல் புறப்பட்டு 2014 செப்டெம்பர் 24 இல் போய்ச் சேர்ந்தது. 323 நாள். போய்ச் சேர்ந்த அன்று அதன் குரல் பூமிக்கு வர ஏறக்குறைய 12 நிமிடம் பிடித்தது. பெங்களூரிலிருந்து 'இப்ப எஞ்சினைப் போடு' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால், கட்டளைகளை முன்கூட்டியே ஏற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். செவ்வாய் எட்டப் போனால் இந்தத் தாமதம் 22 நிமிடம் வரை நீளும். இரண்டு கோள்கள் சண்டை பிடிப்பதற்கு முதல் தடை பகையின்மை அல்ல, தூரம்.

மங்கள்யான் வழியில் இருந்த அதே 2014 யூலையில் 'அல்ட்னோவா சீரோ' என்ற தொடர் யப்பானில் தொடங்கியது. செவ்வாய்க்காரர் பூமிமேல் படையெடுக்கிற கதை. தூரத்தை என்ன செய்வது? 1972 இல் அப்பலோ 17 சந்திரனில் ஒரு மாய வாசலைக் கண்டெடுத்ததாகவும், அதற்குள் நுழைந்தால் செவ்வாய் என்றும் எழுதிவிட்டார்கள். கந்தபுராணம் பாடிய கச்சியப்பருக்கும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. சூரன் ஆண்டது 1008 அண்டங்கள். அவற்றைச் சுற்றிவர இந்திரஞாலத் தேர் இல்லாமல் கதை எப்படி நகரும்?

உண்மையான விண்வெளி ரோபோக்களைப் பார்த்தால் பொறியியலாளர் காலைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று தெரியும். நாசா 2011 இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பிய றோபோநோட் 2 தலை, உடல், கைகளோடு மட்டும் போனது. 2014 இல் கால் அனுப்பினார்கள், நடக்க அல்ல, கம்பியைப் பற்றிப் பிடிக்க. பிறகு அதற்கு மின்சாரக் கோளாறு வந்து, 2018 இல் பூமிக்குத் திரும்பியது. மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்காக இஸ்ரோ 2020 சனவரியில் பெங்களூரில் காட்டிய வியோம்மித்ராவுக்கு முகம் இருக்கிறது, கை இருக்கிறது, பேச்சும் இருக்கிறது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இதையெல்லாம் மருமகனுக்குச் சொன்னேன். மற்றநாள் கோயிலடியால் போகும்போது வாகனசாலைக் கம்பிக்குள்ளால் எட்டிப் பார்த்தான். தலை கழற்றிய சூரன் உள்ளே நின்றான்.

"அப்ப இவருக்குக் கால் என்னத்துக்கு, மாமா?"

பலகையில் ஆணியடித்த இரண்டு மரக்கால்கள். சூரன் போர் அன்று கீழே ஓடியவை அறுபது.