கொள்முதலுக்குப் போகும் வழியில் வாட்ச் அணைந்தால்...

அந்தக் காலத்தில் தினமும் காலையில் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டுத்தான் கடை திறப்போம். பிறகு பட்டன் செல் வந்தது. ஒன்றிரண்டு வருடங்களுக்குக் கவலையில்லாமல் ஓடியது. இப்போது ஸ்மார்ட் வாட்ச் வந்து நம்மை மறுபடியும் சாவி கொடுக்க வைத்துவிட்டது.

நம் உறுப்பினர்களில் பலர், மகனோ மருமகனோ வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச்சைக் கட்டிக்கொண்டுதான் வெளியூர்க் கொள்முதலுக்குப் போகிறார்கள். உபயோகமான பொருள்தான். மண்டி இரைச்சலில் போன் மணி காதில் விழாது. மணிக்கட்டில் அதிர்ந்தால் தெரியும். பணம் வரவான செய்தியையும் கையிலேயே பார்த்துவிடலாம். ஆனால் அதை நம்பி நான் ஒருமுறை ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வியாழக்கிழமை இரவு சென்னையில் ரயில் ஏறினேன். விடியற்காலையில் தெனாலியில் இறங்கி, காலையிலேயே குண்டூர் மிளகாய் யார்டில் இருக்க வேண்டும். சனி, ஞாயிறு அங்கே வியாபாரம் கிடையாது. போனில் அலாரம் அடித்தால் பெட்டியில் உள்ளவர்கள் எல்லாம் எழுந்துவிடுவார்களே என்று, போனை ஓசையில்லாமல் வைத்துவிட்டு வாட்ச்சில் நான்கு மணிக்கு அலாரம் வைத்தேன். அப்போது பேட்டரி 30 சதவீதம் இருந்தது. போதும் என்று படுத்துவிட்டேன்.

கோதாவரிப் பாலத்தின் சத்தத்தில்தான் கண் விழித்தேன். அடுத்தது ராஜமுந்திரி! வாட்ச் செத்துக் கிடந்தது. மாறி மாறி வண்டி பிடித்து நான் குண்டூர் போய்ச் சேர்ந்தபோது நல்ல சரக்கெல்லாம் கைமாறியிருந்தது. திங்கட்கிழமை வரை லாட்ஜ் வாடகை. கடையைப் பார்த்துக்கொண்ட தம்பியிடம் வாங்கிய பேச்சு தனி.

லாட்ஜில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முழு சார்ஜில் இருபது மணி நேரம் ஓடும் வாட்ச், மணிக்கு ஐந்து சதவீதம் தின்கிறது. அப்படியானால் 30 சதவீதம் ஆறு மணி நேரத்துக்குத்தான் வரும். ஒன்பதரைக்குப் படுத்தவனுக்கு மூன்றரைக்கே தீர்ந்துவிட்டது. இருப்புச் சரக்கு எத்தனை நாளைக்கு வரும் என்று தினமும் கணக்குப் பார்க்கிற எனக்கு, இந்தக் கணக்கு முதல் நாளே தோன்றவில்லை.

ஆகவே வாங்கும்போதே பயணத்தின் நீளத்தைப் பார்த்து வாங்க வேண்டும். ஆப்பிள் வாட்ச் 2015-ல் வந்தபோது 18 மணி நேரம் என்று சொன்னார்கள். பல ஆண்டுகள் அந்தக் கணக்கு மாறவில்லை. 2022-ல் வந்த அதன் அல்ட்ரா வகைக்கு 36 மணி நேரம். அதே ஆண்டில் வந்த கார்மின் இன்ஸ்டிங்ட் 2-க்கு 28 நாள் வரை என்கிறார்கள். பளபளப்பான திரையும் கைபேசிக்கு நிகரான வேலைகளும் உள்ள வாட்ச் அதிகம் தின்னும். எளிய திரை கொண்டது குறைவாகத் தின்னும். சீரகம் வாங்க ஊஞ்ஜாவுக்குப் போகிறவர் அகமதாபாத் வரை ரயிலிலேயே முப்பது மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அவருக்கு ஒரு நாள் வாட்ச் சரிப்படாது.

பெட்டியில் அச்சிட்ட நாள் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. அது கம்பெனிக்காரர் தராசு! நம் தராசில் நிறுக்க வேண்டும். இரவு முழு சார்ஜ் போட்டு, மறுநாள் முழுவதும் வழக்கம்போலக் கட்டியிருந்து, 24 மணி நேரத்தில் எத்தனை சதவீதம் இறங்கியது என்று பாருங்கள். எப்போதும் எரிந்துகொண்டிருக்கும் திரை, வழிகாட்டும் ஜி.பி.எஸ்., ஓயாத இதயத்துடிப்பு அளவு, குடும்பக் குழுவில் வரும் காலை வணக்கங்கள் எல்லாம் பேட்டரியைக் குடிப்பவை. இவற்றை நிறுத்திவிட்டு மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும்.

ரயிலில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுபவர்களுக்கு: இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை பெட்டிகளில் சார்ஜ் இணைப்பை நிறுத்திவைக்க வேண்டும் என்ற உத்தரவை ரயில்வே 2021 மார்ச்சில் மீண்டும் வலியுறுத்தியது. தீ விபத்து அச்சமே காரணம். நமக்கு மிகத் தேவையான நேரமும் அதுதான்! எனவே ஏறும் முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும், அல்லது பவர் பேங்க் வேண்டும். வாட்ச் பேட்டரி மிகச் சிறியது. 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்றே பல முறை நிரப்பிவிடும். ஒரு சங்கடம்: வாட்ச் இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவு என்பதால், எதுவும் மாட்டவில்லை என்று எண்ணிச் சில பவர் பேங்க் தானாகவே அணைந்துவிடும். வாங்கும் கடையிலேயே உங்கள் வாட்ச்சை மாட்டிப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

விமானத்தில் பவர் பேங்க்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெரிய பெட்டியோடு அனுப்பக் கூடாது. 100 வாட் ஹவர் வரை பொதுவாக அனுமதி உண்டு. 10,000 எம்.ஏ.எச். என்பது 37 வாட் ஹவர், 20,000 என்பது 74. சரக்கு பார்க்கச் சீனாவுக்குப் போகிறவர்கள் கவனிக்க: அங்கே உள்நாட்டு விமானங்களில் 3சி முத்திரை இல்லாத பவர் பேங்க்குக்கு 2025 ஜூன் 28 முதல் தடை.

சார்ஜர் கம்பி இன்னொரு தலைவலி. போனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் ஒரே மாதிரி இணைப்பைக் கட்டாயமாக்கியது; அந்தப் பட்டியலில் வாட்ச் இல்லை. கம்பெனிக்கு ஒரு கம்பி. லாட்ஜில் மறந்துவிட்டு வந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது. இரண்டாவது கம்பி ஒன்று வாங்கி, பயணப் பையிலேயே நிரந்தரமாகப் போட்டுவையுங்கள்.

நான் இப்போது குளிக்கப் போகும்போதும் இரவு சாப்பிடும்போதும் வாட்ச்சைக் கழற்றிச் சார்ஜில் போடுகிறேன். அந்த முக்கால் மணி நேரமே பெரும்பாலும் போதுமானதாக இருக்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் சார்ஜ் போடுவதில்லை. சூடு பேட்டரிக்கு ஆகாது. தெனாலிக்குப் போனால் போனிலும் சேர்த்து அலாரம் வைக்கிறேன். பெட்டியில் உள்ளவர்கள் எழுந்தால் எழட்டும்.