பெயரில்லாப் பட்டியலில் மூதாதையரைத் தேடும் மக்கள்

பாட்டனாரின் பெயரைக் கேட்டால் நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். அவருடைய தந்தையின் பெயரை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அமெரிக்காவில் வம்சாவளியைத் தேடுவது பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. ஐரோப்பாவிலிருந்து குடியேறியவர்களின் வாரிசுகளுக்குக் கப்பல் பயணிகள் பட்டியலும் தேவாலயப் பதிவேடுகளும் கைகொடுக்கின்றன. ஆனால், கறுப்பின மக்களில் பெரும்பாலோர் பின்னோக்கிச் செல்லும்போது ஓர் ஆண்டில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த ஆண்டு 1870.

ஏன் 1870?

1865 டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் அமெரிக்காவில் அடிமை முறையை ஒழித்தது. அதன் பிறகு நடந்த முதல் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு 1870ஆம் ஆண்டினுடையது. அடிமைகளாக இருந்த சுமார் 4 மில்லியன் மக்கள் அதில்தான் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள்.

1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் படிவம் இருந்தது. உடைமையாளரின் பெயர் அதில் தெளிவாக இருக்கும். அதன் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவை மட்டும் வரிசையாக இருக்கும். ஒரு பெண்ணும் அடுத்த வரியில் ஒரு சிறுவனும் இருந்தால், அவர்கள் தாயும் மகனுமா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

இந்தத் தேடலைச் சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்தவர் எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி. 1976இல் வெளிவந்த அவரது 'ரூட்ஸ்' நூல், 1977 ஜனவரியில் தொலைக்காட்சித் தொடராக எட்டு இரவுகள் ஒளிபரப்பானது. அவர் கூறிய வம்சாவளியின் பல பகுதிகளை ஆய்வாளர்கள் பின்னர் மறுத்தார்கள். ஆயினும், அந்தத் தொடருக்குப் பிறகு ஆவணக் காப்பகங்களின் கதவைத் தட்டியவர்கள் ஏராளம்.

எசமானரின் கணக்கேட்டில்

1870க்கு அப்பால் செல்ல வேண்டுமானால், முதலில் உடைமையாளர் யார் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். அடிமைகள் சட்டப்படி சொத்து. எனவே உயில், சொத்து மதிப்பீடு, விற்பனைப் பத்திரம், கடனுக்கு அடமானம் வைத்த பத்திரம் ஆகியவற்றில் அவர்களின் பெயர்கள் இருக்கும். கால்நடைக்கும் கலப்பைக்கும் நடுவே ஒரு பெயர். அதற்கு நேரே ஒரு விலை. தன் குடும்பத்தைத் தேடுபவர், அதை உடைமையாக வைத்திருந்தவரின் குடும்ப வரலாற்றை முதலில் படித்தாக வேண்டியிருக்கிறது.

மேரிலாந்தின் ஏசு சபைப் பாதிரியார்கள் 1838இல் 272 பேரை லூசியானா தோட்டங்களுக்கு 115,000 டாலருக்கு விற்றார்கள். அந்தப் பணத்தின் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனை அடைக்கப் பயன்பட்டது. விற்கப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல் அழியாமல் இருந்ததால், அவர்களுடைய வாரிசுகளை அடையாளம் காண முடிந்தது. இன்று பல்கலைக்கழகமாக இருக்கும் ஜார்ஜ்டவுன் 2017இல் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டது.

விடுதலை பெற்றவர்களுக்காக 1865இல் தொடங்கப்பட்டு 1874இல் மூடப்பட்ட சேமிப்பு வங்கியின் ஏடுகளும் ஒரு புதையல். கணக்குத் திறந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தோர் பெயர்கள் அவற்றில் உண்டு. யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள் சுமார் 11 ஆண்டுகள் உழைத்து, அந்த ஏடுகளிலிருந்து 480,000 பெயர்களை வரிசைப்படுத்தினார்கள். அந்தத் தொகுப்பு 2001இல் வெளியானது.

இனம் என்பது யார் எழுதியது?

தேடல் ஆழமாகும்போது 'கறுப்பர்', 'வெள்ளையர்' என்ற கோடும் தடுமாறுகிறது. அதிபர் தாமஸ் ஜெஃபர்சனின் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸின் மகன்கள் இருவரை எடுத்துக்கொள்வோம். மேடிசன், ஒஹாயோவில் கறுப்பின சமூகத்தோடு வாழ்ந்தார். தம்பி எஸ்டன், 1852 வாக்கில் விஸ்கான்சினுக்குக் குடிபெயர்ந்து, ஜெஃபர்சன் என்று பெயர் வைத்துக்கொண்டு வெள்ளையராக வாழ்ந்தார். ஒரு தாயின் பிள்ளைகள்தான். இரு இனமாகப் பிரிந்துவிட்டார்கள். எஸ்டனின் ஆண்வழி வாரிசும் ஜெஃபர்சன் குடும்பத்தின் ஆண்வழியும் ஒத்துப்போவதை 1998இல் மரபணுச் சோதனை காட்டியது.

இன்று எச்சிலைச் சேகரித்து அனுப்பினாலே மரபணு முடிவு வந்துவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மரபணுவில் சராசரியாக 24 விழுக்காடு ஐரோப்பிய வழி வந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு ஒன்று கூறுகிறது. அடிமை முறையின் கீழ் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது. மரபணு, தூரத்து உறவினரைக் காட்டும். மூதாதையர் வாழ்ந்திருக்கக்கூடிய வட்டாரத்தைச் சொல்லும். ஆனால் பெயரைச் சொல்லாது. அதற்கு மறுபடியும் பழைய காகிதத்திடம்தான் போக வேண்டும்.

தேடலைத் தொடங்கியவர்கள்

உண்மையில் இந்தத் தேடல் புதிதன்று. போர் முடிந்ததும் விடுதலை பெற்றவர்களே இதைத் தொடங்கிவிட்டார்கள். விற்கப்பட்ட தாயை, பிரிக்கப்பட்ட பிள்ளையைத் தேடி நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு கிறிஸ்தவ இதழில் அத்தகைய விளம்பரத்துக்கு 50 காசு கட்டணம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பாதிரியார்கள் அவற்றைத் தேவாலயத்தில் உரக்க வாசித்தார்கள்.

அந்த விளம்பரங்களில் தாய், தந்தை, உடன்பிறந்தோர், பழைய எசமானர் என எல்லாப் பெயர்களும் இருக்கும். உறவு கிடைத்ததோ இல்லையோ, அந்த வரிகள் இன்று கணினியில் ஏறியிருக்கின்றன. அன்று உறவைத் தேடி ஒருவர் அச்சிட்ட பெயர், 1870ஐத் தாண்ட முடியாமல் நிற்கும் அவருடைய கொள்ளுப் பேரப்பிள்ளைகளுக்கு இன்று வழி காட்டுகிறது.