பாஸ் இல்லாத ஏரியில் ரப்பர் தவளை

அமெரிக்கர்கள் லார்ஜ்மவுத் பாஸ் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ராடும் ரீலும் வாங்கிப் பிள்ளைப்பாக்கம் ஏரிப்பக்கம் போகலாமா என்று யோசிப்பவர்களுக்கு இது. பாஸ் வட அமெரிக்க மீன். 1925இல் ஜப்பானின் ஆஷி ஏரியில் கொண்டுபோய் விட்டார்கள். 2009இல் அந்நாட்டின் பிவா ஏரியில் பத்து கிலோவுக்குமேல் ஒன்று சிக்கி, ஜார்ஜியாவில் 1932இல் பதிவான உலகச் சாதனையைச் சமன் செய்தது. நம் ஏரிகளில் அந்த மீன் இல்லை. நட்டமும் இல்லை, செடிக்குள் பதுங்கிக் கிடந்து தவளையைப் பாய்ந்து கவ்வும் வேலையை இங்கே விரால் பார்த்துக்கொள்கிறது.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே உள்ள அறையில் காற்றை நிரப்பிக்கொள்ள அவ்வப்போது மேலே வந்தே தீரவேண்டும். சந்தையில் கொஞ்சம் தண்ணீரில் மணிக்கணக்காக உயிரோடு கிடப்பதும் இதனால்தான். தூண்டில்காரருக்கு இதுவே துப்பு. கரையில் அசையாமல் நின்றால், ஆகாயத்தாமரை ஓரமாக ‘ப்ளக்’ என்று சத்தம் கேட்கும், நீர்வளையம் விரியும். அதற்குச் சற்று அப்பால் வீசுங்கள்.

மண்புழுவும் உயிர்த்தவளையும் பழைய வழி. பாஸ் பிடிக்கச் செய்த ரப்பர் தவளையும் விராலுக்கு அப்படியே பொருந்தும். அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி வளைந்து, உடம்போடு ஒட்டிக் கிடக்கும்; இலைமேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போதுதான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். மெல்லிய தங்கூஸ் வேண்டாம், செடியோடு சேர்த்து இழுக்கத் தடித்த பின்னல் நூல் வேண்டும்.

தண்ணீர் வெடித்ததும் கை தானாக ராடைச் சுண்டும். அதுதான் கெடுதல். வெறும் தவளை முகத்துக்கு நேரே பறந்து வரும். ஒரு மூச்சு பொறுத்து, நூலில் கனம் தெரிந்த பிறகு சுண்டுங்கள்.

மழைக்காலத்தில் செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் கும்பலாக மேலே கொதிப்பதுபோல் தெரியும். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். எதைப் போட்டாலும் ஆத்திரத்தில் கடிக்கும். சுலபமாகக் கிடைக்கிற மீன்தான், ஆனால் அதைத் தூக்கிவிட்டால் குஞ்சுகள் கெளுத்திக்கும் கொக்குக்கும் இரை. அதை நான் தூண்டில் என்று சொல்லமாட்டேன்.

பல ஏரிகளில் மீன்பாசி குத்தகைக்குப் போயிருக்கும். முதல் வீச்சுக்கு முன்னால் குத்தகைக்காரரைக் கேட்டுவிடுங்கள். எந்த மூலையில் விரால் மேய்கிறது என்பதும் அவருக்குத்தான் தெரியும்.