திருப்பி எறிய முடியாத குண்டு: கண்ணீர்ப்புகைக் கருவியின் உள்ளமைப்பும் அதன் அரசியலும்

"கூட்டத்தைக் கலைக்கக் கண்ணீர்ப்புகைக் குண்டுகள் வீசப்பட்டன." போராட்டங்களைப் பற்றிய செய்திகளில் தவறாமல் இடம்பெறும் வாக்கியம் இது. வீசியவர் யார், எத்தனை வீசினார், எவ்வளவு தொலைவிலிருந்து, எவ்வகைக் குண்டை வீசினார் என்னும் வினாக்கள் எவற்றுக்கும் இதில் விடை இல்லை. துப்பாக்கிச் சூடு நடந்தால் விசாரணை ஆணையம் கேட்கிறோம். தடியடி நடந்தால் காயச் சான்றிதழ் பெறுகிறோம். கண்ணீர்ப்புகை என்றால் மட்டும், கண்ணைக் கழுவினால் தீர்ந்துவிடும் ஒன்றாகக் கருதிக் கடந்துவிடுகிறோம். அது 'உயிர்ப்பறிப்பற்ற' கருவி என்று நமக்கும் சொல்லிப் பழக்கியிருக்கிறார்கள்.

ஒரு கருவி எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அதன் பெயரிலோ விளம்பரத்திலோ தேடுவதைவிட, அதன் உறுப்புகளில் தேடுவதே நம்பகமான வழி. 1920களிலும் 1930களிலும் அமெரிக்காவில் உருவான கையடக்கக் கண்ணீர்ப்புகைக் கருவிகளே இன்று உலகக் காவல் துறைகள் கையாளும் கருவிகளுக்கு முன்னோடிகள். அவற்றைத் திறந்து பார்ப்பது ஒரு வரலாற்று ஆர்வம் மட்டுமன்று. நீதிமன்றத்தில் ஒரு காயத்தை எப்படி மெய்ப்பிப்பது என்னும் கேள்விக்கும் அங்கே விடை உண்டு.

வாயு அல்லாத வாயு

முதலில் ஒரு தெளிவு. கண்ணீர்ப்புகை எனப்படும் பொருள்களுள் பெரும்பாலானவை வாயுக்கள் அல்ல. தொடக்கக் காலக் காவல் துறைக் கருவிகளில் நிரப்பப்பட்ட குளோரோஅசிட்டோபீனோன், சுருக்கமாக சி.என்., அறை வெப்பநிலையில் படிகத் திண்மம். செர்மானிய வேதியியலாளர் கார்ல் கிரேபே 1871ஆம் ஆண்டில் இதைத் தயாரித்தார். ஏறத்தாழ 55 பாகை செல்சியசில்தான் இது உருகும். பின்னாளில் இதன் இடத்தைப் பிடித்த சி.எஸ்., 1928இல் பென் கார்சன், ரோஜர் ஸ்டௌட்டன் என்னும் இருவரால் கண்டறியப்பட்டது. இவ்விருவர் பெயர்களின் முதலெழுத்துகளே அதன் பெயராயின. அதுவும் திண்மமே.

திண்மப் பொருள் ஒன்றைக் காற்றில் மிதக்கவைத்து மனிதரின் கண்ணிலும் மூச்சுக்குழலிலும் சேர்க்க வேண்டுமானால் ஒரு பொறி தேவை. அதற்கு மூன்று வழிகள் உண்டு. நீர்மத்தில் கரைத்துத் தெளிக்கலாம், எரித்து ஆவியாக்கலாம், வெடிக்கவைத்துத் தூளாகச் சிதறடிக்கலாம். கண்ணீர்ப்புகைக் கருவிகளின் வரலாறு முழுவதும் இம்மூன்று வழிகளின் வரலாறுதான். ஒவ்வொரு வழியும் மனித உடலில் வெவ்வேறு வகைக் காயத்தை உண்டாக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம்.

போர்க்களத்திலிருந்து தெருவுக்கு

பாரிசு நகரக் காவல் துறை 1912ஆம் ஆண்டிலேயே எத்தில் புரோமோஅசிட்டேட் என்னும் கண்ணெரிச்சல் நீர்மத்தைக் கொள்ளைக் கும்பலுக்கு எதிராகப் பயன்படுத்தியது. 1914இல் முதல் உலகப் போர் தொடங்கியதும் பிரெஞ்சுப் படை அதே நீர்மத்தைப் போர்க்களத்துக்குக் கொண்டுசென்றது. திறந்த வெளியில் அதற்குப் பெரிய விளைவு ஏற்படவில்லை. 1915 ஏப்ரல் 22 அன்று ஈப்பர் நகரருகே செர்மானியப் படை குளோரின் வாயுவைத் திறந்துவிட்டபின் போர் வேறு திசையில் சென்றது.

போர் முடிந்தபோது அமெரிக்காவின் வேதிப்போர்ப் பிரிவு ஒரு நெருக்கடியை எதிர்கொண்டது. 1918இல் உருவான அப்பிரிவைக் கலைத்துவிட வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1920இல் தலைமையேற்ற ஆமோஸ் ஃப்ரைஸ், வேதிப்பொருள்களுக்கு 'அமைதிக்காலப் பயன்' உண்டு என்று வாதிட்டார். சி.என். பொருளை அப்பிரிவு போர்க்காலத்தில் ஆராய்ந்திருந்தது. களத்தில் பயன்படுத்தும் முன்பே போர் முடிந்திருந்தது. 1921 சூலையில் ஃபிலடெல்ஃபியா நகரில் ஏறத்தாழ 200 காவலர்கள் மீது கண்ணீர்ப்புகை வீசிச் செய்முறை விளக்கம் நடத்தப்பட்டது. செய்தியாளர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் அது நல்ல காட்சியாக அமைந்தது. திடகாத்திரமான காவலர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓடுவதைக் கண்ட நகர நிருவாகங்கள், பணத்தை எடுத்து வைத்தன.

இதன்பின் வணிகம் வந்தது. பிட்ஸ்பர்க் நகரின் ஃபெடரல் லேபரட்டரீஸ், கிளீவ்லாந்தின் லேக் ஈரி கெமிக்கல் ஆகிய நிறுவனங்கள் சந்தையைப் பகிர்ந்துகொண்டன.

கையெறிகுண்டின் உள்ளே

இந்நிறுவனங்களும் அமெரிக்கப் படையும் புதிதாக ஒரு பொறியைக் கண்டுபிடிக்கவில்லை. 1915இல் பிரித்தானியப் படை ஏற்ற 'மில்ஸ்' கையெறிகுண்டின் கொள்கை அவற்றின் கண்முன் இருந்தது. ஒரு பாதுகாப்பு ஊசி, ஒரு நெம்புகோல், சுருள்வில்லால் இழுத்து வைக்கப்பட்ட ஓர் அடிமுள், அதன் கீழே ஒரு தீப்பொறி மூடி, அதன்பின் ஒரு திரி. குண்டைக் கையில் பிடித்திருக்கும்வரை நெம்புகோல் உள்ளங்கையில் அழுந்தியிருக்கும். ஊசியை உருவிவிட்டு எறிந்தவுடன் நெம்புகோல் விடுபடும். அடிமுள் பாய்ந்து மூடியைத் தாக்கும். சிறுவர்களின் பொட்டு வெடித் துப்பாக்கியில் நிகழ்வதும் இதுவே. அப்பொறி திரியைப் பற்றவைக்கும்.

கொல்லும் குண்டில் திரியின் முடிவில் வெடிமருந்து இருந்தது. எரிவகைக் கண்ணீர்ப்புகைக் குண்டில் தகர உருளை ஒன்றுக்குள் சி.என். பொருளும் மெதுவாக எரியும் கலவையும் நிரப்பப்பட்டன. உருளையின் மேற்புறம் சிறு துளைகள் இடப்பட்டு, ஈரம் புகாதவாறு ஒட்டுநாடாவால் மூடப்பட்டன. கலவை எரியும்போது எழும் அழுத்தம் நாடாவைக் கிழித்துக்கொண்டு புகையை வெளித்தள்ளும். லட்சுமி வெடிக்கும் புஸ்வாணத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இவ்விரண்டுக்கும். அமெரிக்கப் படை பின்னர் தரப்படுத்திய எம்-7 வகையில் திரி ஏறத்தாழ 2 நொடிகளில் எரிந்து முடியும். புகை 20 முதல் 60 நொடிகள்வரை வெளியேறும்.

உள்ளே நெருப்பு எரிவதால் உருளை கடுமையாகச் சூடேறும். தொட்ட கை வெந்துபோகும். உலர்ந்த எதன்மேல் விழுந்தாலும் அது பற்றிக்கொள்ளும். அகன்ற கான்கிரீட் சாலையில் விழும் எரிவகைக் குண்டும், கூரை வீடுகள் நெருங்கிய குடியிருப்பில் விழும் அதே குண்டும் ஒன்றல்ல. முன்னது புகைக்குண்டு, பின்னது தீக்குண்டு. கருவியின் ஆபத்தை முடிவுசெய்வது யார் எங்கே வாழ்கிறார் என்பதுதான்.

எதைச் சரிசெய்தார்கள்?

எரிவகைக் குண்டில் உற்பத்தியாளர்கள் கண்ட பெருங்குறை சூடு அன்று. அது தரையில் கிடந்து புகையும் அந்த அரை நிமிடமே அவர்களுக்குச் சிக்கலாக இருந்தது. கையுறை அணிந்தோ ஈரத்துணி சுற்றியோ ஒரு தொழிலாளி அதை எடுத்து, வந்த திசைக்கே திருப்பி எறிந்துவிட முடியும். வேலைநிறுத்தக் களங்களில் அவ்வாறே நடந்தது. ஆகவே அடுத்தடுத்த மாற்றங்கள் அக்கையை நோக்கியே செய்யப்பட்டன.

வெடிவகைக் குண்டு அதற்கான முதல் விடை. இதில் நெருப்பு எரிவதில்லை. ஒரு சிறு வெடிப்பு உருளையைப் பிளந்து, நுண்தூளாக்கிய சி.என். பொருளை ஒரே கணத்தில் சிதறடிக்கும். எடுத்து எறிய எதுவும் மிஞ்சாது. மாறாக, உடைந்த துண்டுகளும் அழுத்தத்துடன் பாயும் தூளும் அருகிலிருப்பவரின் தோலிலும் கண்ணிலும் தைக்கும். இரண்டாவது விடை, ஓரிடத்தில் கிடக்காத குண்டு. லேக் ஈரி நிறுவனம் 'ஜம்பர் ரிப்பீட்டர்' என்ற பெயரில் விற்ற குண்டு இவ்வகையது. துள்ளுவது, மீண்டும் மீண்டும் வெடிப்பது என்பது அதன் பெயரிலேயே உள்ளது. விழுந்தவுடன் மூன்று பகுதிகளாகப் பிரிந்து வெவ்வேறு திசைகளில் சிதறும் 'ட்ரிப்பிள் சேசர்' பின்னாளில் வந்து இன்றும் விற்பனையில் இருக்கிறது.

இந்த மாற்றங்களுக்குப் பொதுவான ஒன்று உண்டு. வீசப்படுபவரின் காயத்தைக் குறைப்பதை இவற்றுள் எதுவும் இலக்காகக் கொள்ளவில்லை. வீசுபவருக்கு எதிர்வினை வராமல் தடுப்பதே இலக்கு. வீசுபவருக்கு முகமூடி உண்டு, வீசப்படுபவருக்குக் கிடையாது என்பதும் இவ்வடிவமைப்பின் ஓர் உறுப்பே. 1965 மார்ச் 7 அன்று அலபாமா மாநிலத்தின் செல்மா நகரில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்களை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் எதிர்கொண்ட மாநிலக் காவலர்கள் முகமூடி அணிந்திருந்தார்கள். புகைக்குள் அவர்களால் நின்று அடிக்க முடிந்தது. மக்களால் மூச்சுவிட முடியவில்லை. கலைப்பதற்கான கருவி அங்கே அடிப்பதற்கான மறைப்பாக மாறியது.

தடியும் பேனாவும்

எறிகுண்டோடு நிறுவனங்கள் நிற்கவில்லை. காவலரின் கைத்தடியைக் குடைந்து, அதற்குள் ஒரு தோட்டாவை வைத்து, பிடியில் ஒரு விசையைப் பொருத்தினார்கள். முதலில் முகத்தில் புகை. அடுத்து அதே கருவியால் அடி.

பேனா வடிவக் கருவி இன்னும் சிறியது. சட்டைப் பையில் செருகிக்கொள்ளும் உலோகக் குழாய் அது. முன்பகுதியைத் திருகிக் கழற்றித் தோட்டாவைப் பொருத்த வேண்டும். பின்பகுதியில் சுருள்வில்லும் அடிமுள்ளும் இருக்கும். அடிமுள்ளோடு இணைந்த சிறு குமிழைப் பின்னுக்கு இழுத்து ஒரு வெட்டில் மாட்டி வைப்பார்கள். கட்டைவிரலால் குமிழை விடுவித்தால் அடிமுள் பாய்ந்து தோட்டாவைத் தாக்கும். வெடிமருந்தின் உந்துதலில் சி.என். தூளும் அதை மூடியிருந்த அடைப்பும் குழாயின் வாய்வழியே வெளிப்படும்.

வங்கிக் காசாளர்களுக்கும் வணிகர்களுக்கும் 'பாதிப்பற்ற தற்காப்பு' என்று விற்கப்பட்ட இக்கருவிக்கு இயங்குமுறையில் துப்பாக்கியிலிருந்து வேறுபாடு ஏதுமில்லை. குண்டுக்குப் பதில் தூள், அவ்வளவே. சில அடி தொலைவில் சுட்டால் அத்தூள் கண்ணின் கருவிழிக்குள் புதைந்துவிடும். பார்வை பறிபோன நேர்வுகளையும், பேனா கையிலேயே வெடித்து விரல்களைச் சிதைத்த நேர்வுகளையும் 1960களின் மருத்துவ இதழ்கள் பதிவுசெய்தன.

வாங்கியவர்கள்

கருவியின் அரசியலை அதன் விற்பனைக் கணக்கு உறுதிசெய்கிறது. 1936இல் அமெரிக்க மேலவை அமைத்த லா ஃபாலெட் குழு, தொழிலாளர் உரிமை மீறல்களை விசாரித்தபோது இந்நிறுவனங்களின் ஆவணங்களையும் வரவழைத்தது. 1933 முதல் 1937 வரை 12.5 லட்சம் டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள கண்ணீர்ப்புகையும் குமட்டல் வாயுவும், பெரும்பாலும் வேலைநிறுத்தங்களின்போதோ அவற்றை எதிர்பார்த்தோ வாங்கப்பட்டிருந்தன. அதிகமாக வாங்கியது எந்த நகரக் காவல் துறையும் அன்று. ரிப்பப்ளிக் ஸ்டீல் என்னும் இரும்பாலை.

1937 மே 30 அன்று சிகாகோவில் அந்த ஆலைமுன் திரண்ட தொழிலாளர்மீது காவல் துறை கண்ணீர்ப்புகை வீசியது, தடியால் அடித்தது, சுட்டது. 10 பேர் இறந்தனர். வன்முறைக் கும்பலைக் காவலர்கள் எதிர்கொண்டதாகவே நாளேடுகள் எழுதின. பாரமவுண்ட் நிறுவனம் எடுத்த செய்திப்படமோ, முதுகு காட்டி ஓடும் மக்களைக் காட்டியது. நிறுவனம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. குழு அழைப்பாணை அனுப்பிப் பெற்றுப் பார்த்தபின் உண்மை வெளிவந்தது. பொருள்சார்ந்த சான்று எவ்வளவு வலியது என்பதற்கு இது பாடம்.

சட்டத்தின் முன்

1997இல் நடைமுறைக்கு வந்த வேதி ஆயுதங்கள் உடன்படிக்கை, கலகத் தடுப்பு வேதிப்பொருள்களைப் போர்முறையாகப் பயன்படுத்துவதைத் தடைசெய்கிறது. உள்நாட்டில் சட்டம் ஒழுங்குக்காகப் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. எதிரி நாட்டுப் படைவீரன்மீது வீசக் கூடாததைச் சொந்தக் குடிமகன்மீது வீசலாம். இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்று 2000ஆம் ஆண்டில் தனிச்சட்டமும் இயற்றியது. குவாலியர் அருகே தேக்கன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் கண்ணீர்ப்புகைப் பிரிவு 1976 முதல் குண்டுகளைத் தயாரித்துவருகிறது. 2018 ஏப்ரல் 2 அன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைக் காக்க நடந்த முழு அடைப்பின்போது வட மாநிலங்கள் சிலவற்றில் தலித் மக்கள் எதிர்கொண்டவற்றுள் தடியடியோடு கண்ணீர்ப்புகையும் அடங்கும்.

இக்குண்டுகளைக் கட்டுப்படுத்தும் சட்டப்பிரிவு எது? குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 129ஆம் பிரிவும், அதன் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 148ஆம் பிரிவும், கலையாத கூட்டத்தைப் பலம் கொண்டு கலைக்கலாம் என்கின்றன. எவ்வகைக் குண்டு, எத்தனை, எத்தொலைவு என்பன பற்றி அப்பிரிவுகளில் ஒரு சொல்லும் இல்லை. 1990ஆம் ஆண்டின் ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள், தேவையும் விகிதப் பொருத்தமும் இருந்தால்தான் பலம் நியாயம் என்கின்றன. அவ்விரண்டையும் அளக்க நீதிமன்றத்துக்கு விவரம் தேவை. அந்த விவரத்தைத் திரட்டித் தரும் பொறுப்பு நம்முடையதாகிறது.

கருவியின் உள்ளமைப்பு இங்கே உதவும். எரிவகைக் குண்டு தீக்காயம் தரும். வெடிவகைக் குண்டு துண்டுகளையும் தூளையும் உடலில் புதைக்கும். துப்பாக்கி போன்ற ஏவியிலிருந்து நேராகச் சுடப்பட்ட குண்டு, எலும்பை முறிக்கும் அடியைத் தரும். 'கண்ணெரிச்சல்' என்று மட்டும் மருத்துவமனையில் பதிவாவதை ஏற்காமல், காயத்தின் வகையும் வடிவமும் இடமும் எழுதப்பட வேண்டும் என்று வலியுறுத்த வேண்டும். வெடிக்காத குண்டைத் தொடக் கூடாது. வெடித்து ஆறிய உருளையைக் கிடந்த இடத்திலேயே, அளவுகோலோ நாணயமோ அருகில் வைத்துப் படமெடுத்து, அதன்மேல் உள்ள வகைப்பெயர், தொகுதி எண், தயாரிப்பு நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். காவல் நிலையத்திலிருந்து எத்தனை குண்டுகள் எடுத்துச் செல்லப்பட்டன, எத்தனை திரும்பி வந்தன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கலாம். விசாரணை நடந்தால் இருப்புப் பதிவேட்டை அழைப்பிக்குமாறு மனு செய்யலாம்.

"குண்டுகள் வீசப்பட்டன" என்று எழுவாயை மறைத்து எழுதப்படும் வாக்கியத்துக்கு, யார், எதை, எங்கிருந்து, யார்மீது வீசினார் என்று முழுமையாக எழுதப்பட்ட பிரமாண வாக்குமூலமே மறுமொழி. திருப்பி எறிய முடியாதபடி வடிவமைக்கப்பட்ட குண்டு, தன் தொகுதி எண்ணைச் சுமந்துகொண்டு தரையில் கிடக்கிறது. நீதிமன்றத்துக்கு அதைக் கொண்டுசெல்வதை எந்த வடிவமைப்பாளராலும் தடுக்க முடியாது.