டியூலர் பயிற்சி

டியூலர் பயிற்சி என்பது கத்தியுடன் ஓடிவரும் ஒருவரிடமிருந்து தற்காத்துக்கொள்ள எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதை அளந்து காட்டும் காவல்துறைப் பயிற்சி ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் சால்ட் லேக் நகரக் காவல்துறைப் பயிற்றுநரான டென்னிசு டியூலர் இதனை 1983 இல் இதழ்க் கட்டுரை ஒன்றில் விளக்கினார்.

உறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்துக் குறிபார்த்துச் சுட, பயிற்சி பெற்றவருக்கும் ஏறத்தாழ 1.5 நொடி தேவை. சாதாரண உடல்திறன் உள்ள ஒருவர் அதே நேரத்தில் 21 அடியை (சுமார் 6.4 மீட்டர்) ஓடிக் கடந்துவிடுகிறார். துப்பாக்கி வைத்திருப்பவரே முந்துவார் என்ற பொதுவான எண்ணம் இங்கு பொய்க்கிறது. பயிற்சியில் நிற்பவர் தாக்குதலை எதிர்பார்த்தே நிற்கிறார் என்பதும் கருதத்தக்கது. தெருவில் எதிர்பாராமல் தாக்கப்படுபவருக்கு, நடப்பது இன்னதென்று உணரும் நேரமும் இத்துடன் சேர்ந்துவிடும். குண்டடி பட்டவர் உடனே நின்றுவிடுவார் என்பதற்கும் உறுதியில்லை.

ஆகவே டியூலர் கைவேகத்தை மட்டும் நம்பாமல் முன்விழிப்பை வலியுறுத்தினார். ஆபத்தைத் தொலைவிலேயே உணர்ந்து பின்வாங்க வேண்டும். வண்டி, மேசை, குப்பைத்தொட்டி என எதையேனும் இடையில் வைத்துக்கொண்டால் சிறிது நேரம் கூடும்.

பின்னாளில் இது "21 அடி விதி" எனத் திரிந்து, அத்தொலைவுக்குள் வந்தவரைச் சுடுவதற்கான நியாயமாகவும் காட்டப்பட்டது. டியூலர் அப்படியொரு விதியை வகுக்கவில்லை. அமெரிக்காவின் காவல்துறை நிருவாக ஆய்வு மன்றம் 2016 இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இவ்விதியைக் கைவிட்டு, தொலைவையும் மறைப்பையும் கொண்டு நேரத்தை ஈட்டுமாறு பரிந்துரைத்தன.